வார்டு அமைதியான ஒன்பது நாள்

டாக்டர் இருதயராஜ் நாற்பத்திரண்டு வயதில் மேல்படிப்புக்கு வந்தவர். அவருக்கு வாய்த்த ஆசிரியை டாக்டர் நாச்சியார், அவரைவிட ஆறு வயது இளையவர். வந்த வாரமே இருதயராஜ் ஒரு காரியம் செய்தார். ஆயா மருதாயியை வேறு கட்டடத்துக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அந்தம்மா வாயைத் திறந்தால் வார்டே அதிரும். நோயாளிகளுக்கு பிரஷர் எகிறுதாம்! நாச்சியாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வார்டு கப்சிப் என்றானது. மனுஷனுக்கு ஏக சந்தோஷம்.

ஒன்பதாம் நாள் காலையில் பஸ் கண்டக்டர் இசக்கியப்பனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் அவர் இருதயராஜின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்கு பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்ததே இருதயராஜ்தான். நாலு நாள் முன்னால் வறட்டு இருமல் என்று வந்தவரை டானிக் கொடுத்து அனுப்பியதும் இவரேதான்.

"அலர்ஜி ஊசி போட்டுட்டேன் மேடம். கேட்கல."

"இதுக்குக் கேட்காது. அந்த பிரஷர் மாத்திரையாலதான் இந்த வீக்கம், இனி அதைக் கொடுக்காதீங்க. மூச்சுக்குழாய்ல டியூப் இறக்கணும். சக்‌ஷன் போடுங்க, சீக்கிரம்!"

மெஷின் உறுமியது. எச்சிலை இழுக்கவில்லை. பார்த்தால், உறிஞ்சியது சேரும் பாட்டில் கழுத்துவரை நிறைந்து கிடக்கிறது.

"இதை யாரும் கொட்டலையா?" இருதயராஜ் கத்தினார். வார்டே அதிர்ந்தது.

நர்ஸ் தலை குனிந்துகொண்டாள். "மருதாயிக்கா செய்வாங்க சார். யாரும் சொல்லாமலே தினமும் காலையில செய்வாங்க."

இருதயராஜே பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். கொட்டிவிட்டுத் திரும்புவதற்குள் இசக்கியப்பனின் முகம் நீலம் பாரித்துவிட்டது. கடவுளே, போய்விடுவாரோ என்று பதறியபடியே இவர் பாட்டிலை மெஷினில் மாட்டினார். நாச்சியார் எச்சிலை உறிஞ்சி எடுத்துவிட்டு டியூபை இறக்கினார். நெஞ்சு ஏறி இறங்கியது. அப்பாடா!

இருதயராஜ் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"பிரஷரை ஏத்துற நொதியைத்தானே மேடம் அந்த மாத்திரையால தடுத்தேன்? ரத்தக்குழாயை இறுக்குறதுதானே அதுக்கு வேலை? இந்த வீக்கம் எங்கிருந்து வந்துச்சு?"

"மருதாயியை எதுக்கு அனுப்பினீங்க?"

"கத்துறாங்கன்னு."

நாச்சியார் பாட்டிலைப் பார்த்தார்.

"நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களே மேடம்."

"போட்டேன். எனக்கும் அவங்க கத்தல் மட்டும்தான் காதுல விழுந்துச்சு."

கையுறையைக் கழற்றினார்.

"இந்த வீக்கத்தையும் அந்த வறட்டு இருமலையும் உண்டாக்குற சரக்கு உடம்புல நாள் தவறாம சேருது டாக்டர். இத்தனை வருஷமா அதை உடைச்சுக் கழிச்சது யாருன்னு நினைச்சீங்க?"

"நான் தடுத்த அதே நொதியா!" என்று இருதயராஜும் பாட்டிலைப் பார்த்தார்.