செவ்வாய்க்குப் போகும் இறக்கை

"இன்னும் எவ்வளவு இழைக்கணும், சொல்லுங்க மேடம்," என்றார் ஆறுமுகநயினார். "எவ்வளவுனாலும் இழைக்கேன். ஆனா இது ஏன் விழுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

ஜெசிந்தா மேஜைமேல் கிடந்த இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமானம் என்று சொல்லலாமா அதை? வால் கிடையாது, உடம்பு கிடையாது, இன்ஜினும் கிடையாது. ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்து நின்றால் எவ்வளவோ, அவ்வளவு அகலத்துக்கு வெறும் இறக்கை. செவ்வாய்க்குப் போகும் கலம் இதை அங்கே வானத்தில் விட்டுவிடும். சறுக்கிக்கொண்டே போய், தரையைத் தொடும்வரை படம் எடுக்கும்.

அங்கே காற்று என்பது பேருக்குத்தான். இங்கே இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு. நம் தலைக்கு மேலேயும் முப்பது கிலோமீட்டர் போனால் அதே மெல்லிய காற்றுதான். அதனால் பலூனில் கட்டி அவ்வளவு உயரம் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள்.

முதல் இறக்கை பாதி தூரத்தில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே.

மேஜைமேல் கிடப்பது மூன்றாவது. அதற்குப் பலூன் வெள்ளிக்கிழமை. அதுவும் விழுந்தால் கலத்தில் இதற்கு இடமில்லை என்று மேலிடத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

நயினாருக்கு அந்த மாதத்தோடு ஓய்வு. முப்பத்தைந்து வருஷம் விமான இறக்கை இழைத்த கை அது. சும்மா சொல்லக்கூடாது, அவர் இழைத்ததில் ஈ உட்கார்ந்தால் வழுக்கிவிடும். ஜெசிந்தா காற்றைப் படித்தவள். வயது அவருடையதில் பாதிதான். ஆனாலும் அவளிடம் பாடம் கேட்க அவருக்கு வெட்கம் இருந்ததில்லை.

"நான் செஞ்சது ஒண்ணாவது அங்க போய்ப் பறக்கணும் மேடம். வேற ஆசை ஒண்ணும் இல்லை."

"தெரியும் அண்ணாச்சி," என்றாள். "பட்டு நூல் இருக்கா?"

இருந்தது.

விரல் நீளத்துக்கு நூலை வெட்டி, ஒரு நுனியை மட்டும் இறக்கைமேல் ஒட்டினார்கள். வரிசை வரிசையாக ஒட்டினார்கள். காற்று போகும் வழியில் நூல் படுக்கும், அதற்குத்தான்.

இறக்கையை இரும்பு அறைக்குள் வைத்துப் பூட்டினாள். உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி, நூற்றில் ஒரு பங்கு மட்டும் விட்டுவைத்தாள். அறைக்குள்ளேயே இருந்த காற்றாடியை ஓடவிட்டாள்.

"பாருங்க."

நயினார் அறைக் கதவிலிருந்த கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். முன்பக்கத்து நூலெல்லாம் அழகாகப் படிந்து கிடந்தது. பின்பக்கம் பார்த்தால், அடக் கடவுளே, ஒரு நூல்கூடப் படியவில்லை. எழுந்து நின்று அலைந்தன. சில நூல்கள் முன்பக்கமாகவே திரும்பியிருந்தன.

"காத்து பாதியிலயே விட்டுட்டுப் போயிருதே," என்றார். "எந்த இடத்துல இழைப்பு பத்தலை? காட்டுங்க மேடம், இப்பவே சரி பண்ணிருதேன்."

ஜெசிந்தா காற்றை உள்ளே விட்டு, கதவைத் திறந்தாள். இருப்பதிலேயே முரட்டு உப்புத்தாளாகப் பார்த்து எடுத்தாள். இறக்கையின் இடது பாதியில், முன் விளிம்பை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்குக் கரகரவென்று தேய்த்தாள். நடுவில் ஆரம்பித்து நுனிவரைக்கும் தேய்த்தாள்.

"ஐயையோ! மேடம்!"

தடுக்கப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். பெற்ற பிள்ளையை யாரோ கண்முன்னால் அடிப்பதுபோல் இருந்தது அவருக்கு.

"மூணு மாச வேலை மேடம் அது," என்றார்.

ஜெசிந்தா கதவைப் பூட்டினாள். மறுபடியும் காற்றை உறிஞ்சினாள். காற்றாடி ஓடியது.

வலது பாதியில் நூல்கள் முன்போலவே அலைந்தன.

இடது பாதியில் எல்லா நூலும் படிந்திருந்தது. பின்விளிம்புவரைக்கும் படிந்திருந்தது.

காற்றாடி நின்ற பிறகும் நயினார் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"வழுவழுன்னு இருந்தா மெல்லிசு காத்து பாதியிலயே பிரிஞ்சு போயிரும்," என்றாள் ஜெசிந்தா. "கொஞ்சம் சொரசொரப்பு இருந்தா கடைசிவரைக்கும் ஒட்டிக்கிட்டே போகும்."

"அப்போ இத்தனை வருஷம் நான் இழைச்சது?"

"அது இங்க இருக்கிற காத்துக்கு அண்ணாச்சி. அதுல ஒரு குறையும் இல்லை."

நயினார் ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோபம் வந்தது.

"ரெண்டு இறக்கை விழுந்துச்சே! மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன்."

"எப்போ?"

"ஒவ்வொண்ணு விழுந்தப்பவும் சொன்னேன். ரெண்டு தடவையும் 'சரி மேடம், சரி மேடம்'னு தலையாட்டினீங்க. இழைக்கிற கை மட்டும் நிக்கலை." ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க வேலை மேல கை வைக்க எனக்கும் மனசு வரலை. அது என் தப்பு."

நயினார் எழுந்தார். அறைக் கதவைத் திறந்து, வலது பாதியைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு உப்புத்தாளைக் கேட்டு வாங்கி, முன் விளிம்பில் வைத்தார்.

"ஒரு விரல் அகலம் போதுமா மேடம்?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டு, கையை அசைக்காமல், அவள் பதில் சொல்லும்வரை நின்றார்.