பன்னிரண்டு மணி நேர ஓய்வு

கேப்டன் தணிகைவேல் ஒப்பந்த நகலைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தார். விமானிகள் சங்கத்தின் செயலாளரான பிறகு அவருக்கு இதுதான் முதல் பேச்சுவார்த்தை. பதினாறு நாள் இழுபறி. கடைசியில் கம்பெனி இறங்கி வந்தேவிட்டது!

பக்கத்து அறையில் கேப்டன் ஹெலன் சுகிர்தா காபி குடித்துக்கொண்டிருந்தார். தணிகைவேலைவிடப் பதினோரு வயது இளையவர். ஆனாலும் ஒப்பந்தம் பேசும் வித்தையில் இவர்தான் அவருக்குக் குரு. அதை எந்தச் சபையிலும் அவர் கூசாமல் சொல்வார்.

"ஜெயிச்சுட்டோம் மேடம்! கேட்டது அத்தனையும் குடுத்துட்டாங்க. கையெழுத்துப் போட்டுடலாமா?"

விமானம் கிளம்பும் முன் ஒரு விமானி பட்டியலைப் படிக்க, மற்றவர் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வது வழக்கம். அதே தோரணையில் குரு ஆரம்பித்தார்.

"சம்பள உயர்வு?"

"பார்த்தாச்சு!"

"அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு?"

"பார்த்தாச்சு!"

"ரெண்டு பயணத்துக்கு நடுவுல ஓய்வு?"

"பன்னிரண்டு மணி நேரம். பார்த்தாச்சு!"

"எப்பலேருந்து பன்னிரண்டு?"

பார்க்காமலே பார்த்தாச்சு என்று சொல்லும் துணை விமானிகளைத் தணிகைவேல் வறுத்தெடுப்பது கம்பெனி முழுக்கத் தெரிந்த விஷயம். அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார்.

"விமானம் தரையிறங்கின நிமிஷத்துலேருந்துன்னு போட்டிருக்கு."

"நாம கேட்டது?"

"ஓட்டல் ரூமுக்குப் போய்ச் சேர்ந்ததுலேருந்து." அவர் முகம் தொங்கிப்போனது. "வேனுக்குக் காத்திருக்கறது, டிராஃபிக்ல நிக்கறது எல்லாம் ஓய்வுல சேர்ந்துடும். அரைத் தூக்கத்துல வந்து விமானம் ஓட்டணும் மேடம்."

வெளியே கூடத்தில் சங்க விமானிகளின் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஜெயித்துவிட்டோம் என்று எல்லோருக்கும் போனில் செய்தி அனுப்பியவரே தணிகைவேல்தான். லட்டுப் பெட்டிகளைக்கூடத் திறந்துவிட்டார்கள்.

"இப்பப் போய் இன்னும் முடியலன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்வேன்? மானம் போயிடும்."

குரு காபியைக் கீழே வைத்தார்.

"ஓடுபாதை கண்ணெதிரே தெரிஞ்சும், சரிப்படலன்னு இறக்காம விமானத்தை மறுபடி மேலே ஏத்தியிருக்கீங்களா சார்?"

"எத்தனையோ தடவை."

"பயணிங்க என்ன சொன்னாங்க?"

"கண்டபடி திட்டினாங்க."

"உயிரோட இறங்கி வந்துதானே திட்டினாங்க?"