கண்ணாடியில் தெரிந்த பொட்டு

மேகம் இறங்கிவிட்டால் பக்கத்து வீட்டுச் சுவர்கூடத் தெரியாத மலையூர் அது. அங்கே துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தவள் இமெல்டா. கற்றுக்கொண்டவர் ஞானாதிக்கம்.

வயதில் அவர் அவளுக்கு அப்பா மாதிரி. பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அவள் எல்லைக் காவல் படையில் சேர்ந்து, குறி தப்பாதவள் என்று பேர் வாங்கி, கைக்குழந்தையோடு ஊருக்குத் திரும்பியபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். காட்டுப்பன்றிகள் உருளைக்கிழங்குத் தோட்டங்களை உழுது போட்டுக்கொண்டிருந்த காலம். விவசாயிகள் சங்கம் அனுமதி வாங்கி ஒரு துப்பாக்கியை அவள் கையில் கொடுத்தது. ராத்திரிக் காவலுக்கு இன்னொரு ஆளையும் பழக்கிக்கொள்ளச் சொன்னது.

அவள் ஞானாதிக்கம் சாரைக் கேட்டாள். ஊரே சிரித்தது.

"கண்ணாடி போட்டாலே அவருக்கு எருமைக்கும் பன்னிக்கும் வித்தியாசம் தெரியாதேம்மா" என்றார் சங்கத் தலைவர்.

"தப்பான கணக்குக்கு அவர் ஒருநாளும் சரி போட்டதில்லை" என்றாள் இமெல்டா.

அன்றிலிருந்து அவர் அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். முதலில் கேலிக்கு, பிறகு அதுவே பழகிப்போயிற்று. அவள் அவரைச் சார் என்பதை விடவில்லை.

முதல் நாள் பாடம் ஒன்றே ஒன்று. பழைய கிழங்குக் கிடங்கின் பின்னால் நின்று, எதிரே இருந்த மண்மேட்டைக் காட்டினாள்.

"துப்பாக்கியோட வாய் அந்த மண்மேட்டைத்தான் பார்க்கணும் சார். தோட்டா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

"இம்போசிஷன் எழுதிட்டு வரவா டீச்சர்?"

"எழுத வேண்டாம். செஞ்சாப் போதும்."

ஒருநாள் காலையில் அவர் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே பஞ்சுக்கு நடுவில், துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப் ஒன்று கறுப்பாக இருந்தது.

"சென்னைக் கடைக்காரன் அனுப்பியிருக்கான். பிடிக்கலேன்னா திருப்பிடலாமாம். சங்கத்து ஸ்கோப்புல ஓரமெல்லாம் பால் ஊத்தின மாதிரி இருக்கு டீச்சர். இதுல பார்த்தா டார்கெட் பேப்பர்ல எறும்பு ஊர்றது தெரியுமாம்."

"என்ன விலை?"

"ஒரு கறவை மாடு வாங்கலாம்."

"கன்னுக்குட்டியோடயா?"

"கன்னுக்குட்டியோட." அவர் தலையைச் சொறிந்தார். "சொல்லுங்க டீச்சர். அவ்வளவு போடுறது தகுமா?"

அவள் தோட்டாக்களை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். குழந்தையைத் தோளில் சாய்த்தாள்.

"ரெண்டையும் மாத்தி மாத்தி மாட்டிப் பாருங்க. சுட வேண்டாம், பார்த்தாப் போதும். மத்தியானம் வந்து கேட்கிறேன்."

கிடங்குக்கு வலப்பக்கம் இருந்த இன்னொரு மேட்டில் ஏறி இறங்கினால் அவள் வீடு. மேட்டின் உச்சியில் ஒரு பேரிக்காய் மரம். குழந்தை பிறந்த பிறகு மூச்சு வாங்குவதால் அந்த மரத்தடியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவாள்.

மத்தியானம் அவள் மேட்டு வழியாக வரவில்லை. ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. கிழங்குப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்.

"முடிவு பண்ணிட்டேன் டீச்சர்!"

"சொல்லுங்க சார்."

"பழசுல உங்களைப் பார்த்தேன். மரத்தடியில யாரோ மூட்டையை இறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் புதுசை மாட்டிப் பார்த்தேன். அடேயப்பா! பாப்பா கன்னத்துல திருஷ்டிப் பொட்டு தெரியுது. உங்க ஸ்வெட்டர்ல மேல் பட்டன் இல்லாதது தெரியுது. பாப்பா ஒரு கால் சாக்ஸை உதைச்சுத் தள்ளுது பாருங்க, அது தெரியுது!"

இமெல்டா குழந்தையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினாள்.

"அப்புறம் நீங்க முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தீங்க. சரி, பிள்ளைக்குப் பால் கொடுக்கறாங்கன்னு உடனே கண்ணை எடுத்துட்டேன். அந்த நாகரிகம் எனக்குத் தெரியும்."

"பால் கொடுக்கத் திரும்பல சார்."

அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. மேலே சொல்வாள் என்று காத்திருந்தார்.

"கீழே இந்தக் கிடங்குப் பக்கம் ஒரு மின்னல் மின்னுச்சு. வெயில்ல கண்ணாடி திரும்பினா அப்படித்தான் மின்னும். எல்லையில நிறையப் பார்த்திருக்கேன்" என்றாள். "ஸ்கோப்பைக் கழட்டிக் கையில வச்சுப் பார்த்தீங்களா?"

"இல்லையே. துப்பாக்கியில மாட்டித்தான்..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

"படி விடாமச் சொல்லுங்க சார்."

அது அவருடைய வார்த்தை. கரும்பலகை முன்னால் நின்று திருதிருவென்று விழித்த பிள்ளைகளிடம் எல்லாம் அவர் சொன்ன வார்த்தை.

"துப்பாக்கியில மாட்டினேன்."

"அடுத்த படி."

"மேட்டுப் பக்கம்... திருப்பினேன்."

"அடுத்தது?"

"பொட்டைப் பார்த்தேன்."

"கண்ணாடிக்குள்ள சுடுற இடத்தைக் காட்ட ஒரு கூட்டல் குறி இருக்குமே சார். அது எங்கே இருந்துச்சு?"

ஞானாதிக்கம் தன் விரல்களைப் பார்த்தார், சாக்பீஸ் தூள் ஒட்டியிருப்பதைப் போல. அவற்றை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் பார்த்தார். குழந்தை விக்கியது.

"தோட்டா இல்லையே டீச்சர்" என்றார் கடைசியில். அது அவர் குரலே இல்லை. வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து மாட்டிக்கொண்ட பையன்களின் குரல்.

"தெரியும். தோட்டா என் பையிலதான் இருந்துச்சு."

"பின்ன ஏன் திரும்பினீங்க?"

இமெல்டாவுக்குக் காது மடல் வரைக்கும் முகம் சிவந்தது. குழந்தையின் வாயில் ஒன்றும் வழியவில்லை. இருந்தாலும் முந்தானையால் துடைத்தாள். எல்லையில் காவல் நின்றவள், தன் பையில் தோட்டா இருந்தது தெரிந்தவள், அந்தக் கேள்விக்கு அவர் முன்னால் சொல்ல ஒன்றும் இல்லாமல் நின்றாள்.

தப்பித்துக்கொள்ளத்தான் அவர் கேட்டார். கேட்ட பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். கேட்டதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வழி இருந்தால் அப்போதே வாங்கியிருப்பார்.

"நான் போய் அந்த மரத்தடியில நிக்கிறேன் டீச்சர். நீங்க இங்கேயிருந்து என்னைப் பாருங்க. இதே துப்பாக்கியில. சரிக்குச் சரி."

"அந்தப் பழக்கம் எனக்கு இல்லை சார்."

அவர் எழுந்து போனார். துண்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நன்மை அப்பம் வாங்க எல்லாரும் வரிசையில் போனபோது எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி சவுரியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"வாத்தியாரம்மா திட்டிட்டாளா?"

"திட்டவே இல்லை."

"பின்ன என்னத்துக்கு இப்படி இருக்கீங்க?"

"அதுக்குத்தான்."

ராத்திரிக் காவல் முழுக்க இமெல்டா தலையில் விழுந்தது. தோட்டத்துக் காவல் பரண் மேல் உட்கார்ந்திருப்பாள். வீட்டில் பிள்ளை பசித்து அழுகிற நேரம் அவள் மார்புக்குத் தெரியும், ஸ்வெட்டர் நனைந்துவிடும். மாமியார் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடப்பாள். காலையில் இமெல்டா வீட்டுக்குப் போகும்போது குழந்தைக்குத் தொண்டை கட்டியிருக்கும். அவசரமாகப் போக வேண்டியவள் மேட்டில் ஏறாமல் ரோட்டைச் சுற்றித்தான் போனாள்.

சவுரியம்மாள் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "இமெல்டா இப்பல்லாம் ரோட்டைச் சுத்தித்தான் போறா, பாவம். கைப்பிள்ளைக்காரி. கேட்டா மேட்டுல காலைக் கடிக்கிற அட்டையா இருக்காம்."

"இந்த வெயில்லயா அட்டை?" என்றார் ஞானாதிக்கம்.

அப்புறம் சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார். சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலையில் கிடங்குக்கு வந்தார். இமெல்டா குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துப்பாக்கியை மண்மேட்டுப் பக்கமாகப் படுக்க வைத்து, திருகுகளைக் கழற்றி, புது ஸ்கோப்பை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். துப்பாக்கியை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். சாவியை அவளிடம் நீட்டினார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் சார்."

அவர் தயங்கினார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதைத் திருப்பி அனுப்பிடறேன் டீச்சர். எனக்கு அந்தப் பழைய ஸ்கோப்பே போதும். அதுவும் நீங்க கொடுத்தா."

"பழசுல நான் மூட்டை மாதிரி தெரிஞ்சேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அன்னைக்குப் பழசு மட்டும் இருந்திருந்தா, நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பீங்க. என்கிட்ட சொல்லியிருக்கவே மாட்டீங்க."

அவர் தலை குனிந்துகொண்டார். குழந்தை தூக்கத்தில் ஒரு காலை உதைத்தது. அந்தக் காலில் சாக்ஸ் இல்லை.

"பாப்பாவோட ஒரு சாக்ஸ் மேலே மரத்தடியிலயே கிடக்கு. நான் எடுக்கப் போகல" என்றாள் இமெல்டா. "எடுத்துட்டு வர்றீங்களா சார்?"

அவர் மேட்டில் ஏறினார். அவருக்கும் மூச்சு வாங்கியது. பேரிக்காய் மரத்தடியில் அவள் உட்கார்ந்த தடம் மறைந்து புல் மறுபடி நிமிர்ந்திருந்தது. வேரோரமாகச் சாக்ஸ் கிடந்தது. மஞ்சள் நிறம், பனியில் நனைந்திருந்தது. அவருடைய உள்ளங்கை அளவுகூட இல்லை. குனிந்து எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைச் சட்டையில் துடைத்தார்.

நிமிர்ந்தபோது கீழே கிடங்குப் பக்கம் ஒரு மின்னல்.

சின்ன வெளிச்சம்தான். வந்தது, நின்றது, அவர் மேலேயே நின்றது.

அது என்னவென்று அவருக்குத் தெரியும். திருகைக் கழற்றியது அவர் கை. துப்பாக்கி பீரோவுக்குள் இருக்கிறது. பீரோ பூட்டியிருக்கிறது. கை சட்டைப் பைக்குப் போனது. சாவி இருந்தது.

எல்லாம் அவருக்குத் தெரியும்.

இறங்கி வர நேரமாயிற்று. இமெல்டா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். மடியில் குழந்தை. கையில் அந்தக் கண்ணாடி மட்டும்.

அவர் சாக்ஸை நீட்டினார். அவள் வாங்கி, தண்ணீரைப் பிழிந்து, வெயில் படுகிற கல்லின் மேல் விரித்தாள்.

"சாவி என் பையிலதான் இருந்துச்சு டீச்சர்."

"தெரியும் சார்."

"தொட்டுக்கூடப் பார்த்தேன்."

"அதுவும் தெரிஞ்சுது."

அவருக்குக் காது சுட்டது. அன்றைக்கு அவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி இப்போது அவர் பக்கமே திரும்பி நின்றது.

இமெல்டா ஸ்கோப்பின் இரண்டு மூடிகளையும் போட்டாள். பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கு ராத்திரி பரண்ல உங்க முறை."

அவர் நிமிரவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ இதை... வாங்கலாமா டீச்சர்?"

"வாங்குங்க சார். நல்ல கண்ணாடி. சாக்ஸை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு நீங்க முதுகைக் காட்டித் திரும்பினது, சட்டை முதுகு பூரா வேர்த்தது, எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுது. ஏன் திரும்பினீங்கன்னு மட்டும்தான் அதுல தெரியல."