மருதி மறைத்த அடிகள்

மலைச்சரிவில் இருந்த சோலைக்காட்டுக்கு மருதி என்ற சருகுமான் தன் குட்டியோடு புதிதாக வந்து சேர்ந்தது. முன்பு இருந்த காடு கோடைத் தீயில் எரிந்துபோயிருந்தது. இங்கே தங்க இடமில்லை. புதர் அசைந்தாலே சிறுத்தையோ என்று மருதிக்கு நெஞ்சு படபடக்கும். மழைக்காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

காட்டை ஒட்டி மனிதர்களின் கோல்ஃப் மைதானம் ஒன்று இருந்தது. விடிகாலையில், ஆட்கள் வருவதற்குள், விலங்குகள் அங்கே போய் ஆடும். புதரில் தொலைந்துபோன பந்துகளைப் பொறுக்கி வைத்திருந்தன. பந்தைக் கோலால் அடித்து அடித்து ஒவ்வொரு குழியாகப் போட வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. இந்த முறை பரிசு, நாவல் மரத்தடிப் பொந்து. அதற்குள் மழை புகாது, சிறுத்தையும் நுழைய முடியாது.

ஆட்டக் கணக்கைப் பார்ப்பது உடும்பு. மருதி அதனிடம் போய், "அண்ணா, இந்தக் குச்சிக் கால்களை வைத்துக்கொண்டு நான் எப்படி ஜெயிப்பது?" என்று கேட்டது.

"அதற்குத்தான் தள்ளுபடி இருக்கிறது" என்றது உடும்பு.

தேர்ந்த ஆட்டக்காரர் நாற்பது அடியில் முடிக்கும் மைதானம் அது. அதற்கு மேல் ஒருவருக்கு வழக்கமாக எத்தனை அடி ஆகிறதோ, அதைப் போட்டியன்று கழித்துவிடுவார்கள். பழைய ஆட்டக்காரர் என்றால் பல ஆட்டங்களைப் பார்த்து, நன்றாக ஆடியவற்றின் சராசரியை எடுப்பார்கள். புதியவருக்கு மூன்று ஆட்டம் போதும். அவற்றில் சிறந்ததை எடுத்து, தள்ளுபடியில் இரண்டு அடி குறைப்பார்கள். புதியவர்கள் சீக்கிரம் தேறிவிடுவார்கள் அல்லவா!

"தனியாக ஆடிவிட்டு வந்து எண்ணிக்கையைச் சொல். உன் வார்த்தை போதும்" என்றது உடும்பு.

முதல் நாள் மருதியின் பந்து பள்ளத்தில் விழுந்தது, மணலில் புதைந்தது, முட்புதரில் சிக்கியது. மொத்தம் அறுபது அடி. சொல்லப் போனபோது, கீரி தன் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாற்பத்து நான்கு அடியாம்.

மருதி பயந்துபோனது. அறுபது என்றால் சிரிப்பார்களே! ஒன்றுக்கும் ஆகாதது என்று காட்டை விட்டே துரத்திவிட்டால் குட்டியோடு எங்கே போவது?

"ஐம்பது" என்றது.

அடுத்த ஆட்டம் ஐம்பத்தெட்டு. நாற்பத்தெட்டு என்று சொன்னது. மூன்றாவது ஐம்பத்தொன்பது. அதை நாற்பத்தாறாக்கியது.

உடும்பு மகிழ்ந்துபோனது. "சிறந்தது நாற்பத்தாறு. நாற்பதுக்கு மேல் ஆறு. அதில் இரண்டு போக, உனக்கு நான்கு அடி தள்ளுபடி."

நான்குதானா! உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் பொய்க்காரி என்பார்கள். போட்டி வரை மருதிக்குப் புல் இறங்கவில்லை. விடிகாலையிலேயே போய்ப் பயிற்சி செய்தது. அடிகள் குறையவே இல்லை.

போட்டியன்று எல்லோரும் பார்த்து நின்று எண்ணினார்கள். மறைக்க வழியில்லை. கீரிக்கு நாற்பத்து நான்கு அடி. இரண்டு தள்ளுபடி போக நாற்பத்திரண்டு. மருதிக்கு ஐம்பத்தேழு, நான்கு போக ஐம்பத்து மூன்று.

பொந்து கீரிக்குப் போனது.

எல்லோரும் கலைந்த பிறகு மருதி உடும்பிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதது. உடும்பு திட்டவில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டது.

"உன் சிறந்த ஆட்டமான ஐம்பத்தெட்டை ஐம்பத்தெட்டு என்றே சொல்லியிருந்தால் உனக்குப் பதினாறு அடி தள்ளுபடி கிடைத்திருக்கும். இன்றைய ஐம்பத்தேழில் அது போனால் நாற்பத்தொன்று." என்றது உடும்பு. "கீரியை ஓர் அடியில் ஜெயித்திருப்பாய், மருதி."

"இப்போது மாற்ற முடியாதா, அண்ணா?"

"முடிந்த போட்டி முடிந்ததுதான். கீரி தன் குஞ்சு குட்டிகளோடு குடிபோய்விட்டது."

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. மருதி ஒரு பாறையின் இடுக்கில் குட்டியை உள்ளே தள்ளி, தன் உடம்பால் வாசலை அடைத்துக்கொண்டு நனைந்தது. கிளை முறிந்தாலும் காது விறைத்தது. மழைக்காலம் முழுவதும் அது நிம்மதியாகத் தூங்கவே இல்லை.

மழை ஓய்ந்ததும் அடுத்த போட்டிக்குப் புதிதாகக் கணக்கெடுத்தார்கள். கீரியும் முயலும் பக்கத்தில் நிற்க, உடும்பு மருதியிடம் எண்ணிக்கை கேட்டது.

மருதி தலையை நிமிர்த்தியது. "அறுபத்தொன்று" என்றது, எல்லோருக்கும் கேட்கும்படி.

ஒருவரும் சிரிக்கவில்லை. "நான் ஆட வந்த புதிதில் எனக்கு எழுபது ஆயிற்று" என்று சொல்லிவிட்டு, கீரி தன் பந்தைத் தேடப் போய்விட்டது.

தன் குறையை மறைப்பவர், அந்தக் குறைக்காகவே கிடைக்கவிருந்த உதவியையும் சேர்த்து இழந்துவிடுவார்.