இதாவ் பறவை பேச்சை விட்டது

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனிதருக்கும் பேச்சு ஒன்றுதான். லூசோன் தீவின் வடக்கே, பைன் மரங்கள் மூடுபனியில் நனைந்து நிற்கும் மலைகளில், இகோரோட் மக்கள் வாழ்ந்தார்கள். அந்த மலைக்காரர்களோடு எல்லாப் பறவைகளும்தான் பேசின. ஆனால் இதாவ் என்ற சின்னப் பறவை வாய் ஓயாமல் பேசும். அதிலும் பாதிக்கு மேல் கேள்விதான்.

"மேகத்துக்கு எலும்பு உண்டா? நண்டு ஏன் பக்கவாட்டில் போகிறது? பன்றிக்கு வானம் தெரியுமா?"

பிறர் எதைக் கேட்டாலும் இதாவும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். பொய் அதற்கு வராது.

அதன் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொன்னவள் பாயோசா. ஓடை மணலை மரத்தட்டில் அலசிப் பொன் எடுப்பவள். அவள் வேலை செய்யும்போது இதாவ் தட்டின் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கும்.

"இந்த மஞ்சள் மண்ணைத் தின்ன முடியாதே அக்கா, பிறகு எதற்கு எடுக்கிறாய்?"

"கீழ்நாட்டார் இதை வாங்கிக்கொண்டு உப்பு தருகிறார்கள். உப்பைத் தின்னலாம் இல்லையா?"

ஒருநாள் ஸ்பானியப் படை ஒன்று மலை ஏறியது. மலைக்காரர்கள் கீழே இறங்கி வந்து தேவாலய மணியோசை கேட்கும் இடத்தில் குடியிருக்க வேண்டும், வரி கட்ட வேண்டும், பொன் கிடைக்கும் இடத்தைக் காட்ட வேண்டும் என்று ஸ்பானியர்கள் முன்பே ஆள் அனுப்பியிருந்தார்கள். "உப்பு கொண்டுவந்தால் வியாபாரம் பேசலாம். ஆள வருவதானால் வராதீர்கள்" என்று ஊர் பதில் சொல்லியிருந்தது.

இதாவுக்கு அவர்களைப் பார்த்தே ஆகவேண்டும். பறந்துபோய்ப் படைத்தலைவனான கப்பித்தானின் எதிரே கிளையில் உட்கார்ந்தது.

"தலையில் இரும்பைக் கவிழ்த்திருக்கிறாயே, கனக்கவில்லையா?"

கப்பித்தான் சிரித்தான். "கனக்கத்தான் செய்கிறது. சரி, நீ ஒன்று சொல். இவர்கள் பொன்னை எங்கே எடுக்கிறார்கள்?"

"பாயோசாவின் ஓடையில்."

சொல்லி முடிப்பதற்குள் வலை விழுந்தது. வழி தெரிந்த பறவையைப் பிரம்புக்கூண்டில் அடைத்து, படைக்கு முன்னால் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

செய்தி ஊருக்கு எட்டியது. ஆண்கள் ஈட்டியும் கேடயமும் எடுத்தார்கள். பாயோசா தடுத்தாள். "கொஞ்சம் பொறுங்கள். நான் போய் இதாவைப் பார்த்துவிட்டு வருகிறேன்." அரிசிக் கள்ளும் சேப்பங்கிழங்கும் கூடையில் வைத்து, விற்க வந்தவளைப் போல் இறங்கினாள்.

பாதை இரண்டாகப் பிரியும் மேட்டில் படை நின்றிருந்தது. ஒரு பாதை ஊருக்கும் ஓடைக்கும் போகும். மற்றது மொட்டைப் பாறைகளுக்கு. பனி அடர்ந்திருந்ததால் அது விலகட்டும் என்று காத்திருந்தார்கள். வீரர்கள் கள்ளுக் குடுவையைச் சுற்றி மொய்த்தபோது பாயோசா கூண்டருகே குந்தினாள்.

"அக்கா, பனி விலகியதும் எந்தப் பக்கம் என்று கேட்பான்."

"வாயைத் திறக்காதே."

"முடியவில்லையே. கேள்வி காதில் விழுந்ததும் பதில் தானாக வந்துவிடுகிறது." இதாவின் பார்வை அவள் இடுப்பில் தொங்கிய வெற்றிலைப் பையில் நின்றது. "சுண்ணாம்பு கூடினால் நாக்கு வெந்துவிடும் என்பாயே. எவ்வளவு கூடினால் பேச்சே போகும்?"

பாயோசா பையைக் கையால் மூடிக்கொண்டாள். "அப்புறம் உன்னால் எதையும் கேட்க முடியாதடா."

"தெரியும்." இதாவ் அலகை அவள் பக்கம் நீட்டியது. "கேட்க நிறைய இருந்தது. பரவாயில்லை, போடு."

அவள் பையை அவிழ்த்தாள். பிரம்புச் சந்து வழியே விரல் நிறையச் சுண்ணாம்பை அதன் அலகுக்குள் வைத்தாள். இதாவ் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கியது.

பனி விலகியது. கப்பித்தான் வந்தான். "எந்தப் பக்கம்?"

"இட்... இட்..." கீச்சென்ற ஒலிதான் வந்தது.

"என்ன ஆயிற்று இதற்கு?" வாயைப் பார்க்கக் கூண்டைத் திறந்தான். அவன் விரலைக் கொத்திவிட்டு இதாவ் வெளியே பாய்ந்தது. வாயால் பொய் சொல்லத் தெரியாத பறவை அன்று சிறகால் சொன்னது. பாதைக்குக் குறுக்கே பறந்து, பாறைப் பக்கம் போய் மறைந்தது.

"கூடு அங்கேதான். ஓடையும் அங்கேதான் இருக்கும்!" என்று கத்தினான் கப்பித்தான். படை அந்தப் பக்கம் ஓடியது. பொன்னும் சோறும் இல்லாத பாறைகளில் அலைந்து, மழையில் விறைத்து, கடைசியில் வந்த வழியே கீழே இறங்கிப்போனது.

ஊர் பிழைத்தது. பாயோசாதான் தேறவில்லை. ஓடையில் தனியாக மணல் அலசுவாள். தன் கையாலேயே அதன் பேச்சைப் பறித்துவிட்டோமே என்று அலசுவதைப் பாதியில் நிறுத்திவிடுவாள்.

வெகுநாள் கழித்துப் பொன்னை மாற்றி உப்பு வாங்கப் பாதையில் இறங்கினாள். "இட்!" இதாவ் அவள் முன்னால் குறுக்கே பறந்தது.

"நீயா! எங்கே இருந்தாய்? என்ன பார்த்தாய்?"

அது திரும்பவும் குறுக்கே பறந்தது, இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாக. சொல்ல வருவது என்ன என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கூடையை இறக்கிவைத்து, உட்கார்ந்து காது கொடுத்தாள். வளைவுக்கு அப்பால் இரும்பு உரசும் ஓசை. இன்னொரு படை. பாயோசா சத்தமில்லாமல் எழுந்து, ஊரை எச்சரிக்க மேலே ஏறினாள்.

அந்த நாள் தொட்டுத்தான், இதாவ் குறுக்கே பறந்து குரல் கொடுத்தால் மலைக்காரர்கள் எவ்வளவு அவசரமானாலும் சுமையை இறக்கிவைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். முன்னால் என்ன இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான், போவதா திரும்புவதா என்று முடிவு செய்கிறார்கள்.