பத்துக்கு ஆறு அடியில் ஒரு ரெஸ்யூம்

ஒரு வீட்டில் ஒரு முட்டாள் இருந்தால் மற்றவர்கள் கண்டித்து வைப்பார்கள். நாலு பேருமே அப்படி இருந்தால் யாரை யார் கண்டிப்பது? எங்கள் மாடியில் அந்த மாதிரி நாலு பேர் குடியிருந்தார்கள். நாலும் இன்ஜினியர்கள். நான் கீழ்வீட்டுக்காரன், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன். கோயம்புத்தூர் பீளமேட்டில் என் கண்ணெதிரே நடந்ததைத்தான் சொல்கிறேன், இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கு அவ்வளவு மூளை கிடையாது.

மௌலி, ஹரிஹரசுதன், நவநீதன், பூவரசன். மௌலிதான் தலைவர். அவனிடம் லேப்டாப் இருந்தது, அதனால் தலைவர்.

பூவரசனுக்குத்தான் அவசரம். அவன் அப்பா சென்னியப்பனுக்கு நாமக்கல் பக்கத்தில் கோழிப் பண்ணை. "ஆடிப் பதினெட்டுக்குள்ள வேலை ஆர்டரைக் கண்ணுல காட்டு. இல்லீன்னா பொட்டியக் கட்டீட்டு வந்து பண்ணையைப் பாரு" என்று போனில் சொல்லிவிட்டார். பூவரசனுக்குக் கோழி என்றால் குலைநடுக்கம். சின்ன வயதில் ஒரு சேவல் துரத்தியதாம். தெருவில் கோழி குறுக்கே வந்தால் இன்றைக்கும் ஒதுங்கி நின்று அதற்கு வழிவிடுகிற பிள்ளை.

அப்போதுதான் மௌலி யூட்யூபில் ஓர் அம்மணியைக் கண்டுபிடித்தான். இன்ஜினியரிங் முடித்தவர்கள் ரெஸ்யூம் எழுதுவது எப்படி, ஆன்லைனில் புரொஃபைல் போடுவது எப்படி என்று அந்த அம்மணி சொல்லிக்கொடுத்தார். "நான் சொல்றதை அப்படியே செய்யுங்க, வேலை உங்க வாசலைத் தேடி வரும்" என்றார். நல்ல அம்மணிதான். 'அப்படியே' என்று இந்த நாலு பேரிடம் சொல்லக் கூடாது என்பது அவருக்கு எப்படித் தெரியும், பாவம்!

முதலில் போட்டோ. கோட் போட வேண்டும், பின்னால் வெள்ளைச் சுவர் வேண்டும், தோளுக்கு மேலே மட்டும் தெரிய வேண்டும். கோட்டை ஸ்டுடியோவில் வாடகைக்கு வாங்கி வந்தார்கள். வெள்ளைச் சுவர் என்னுடையது. காலையில் வாளியோடு போனேன். சுவரை ஒட்டி இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் பூவரசன் கோட்டோடு நின்றுகொண்டிருந்தான். தோள் வரைக்கும் தண்ணீர்.

"என்றா பண்றே உள்ள?" என்றேன்.

"வேலை தேடறனுங்க அங்கிள்" என்றான், பல் தந்தியடிக்க.

"தோளுக்குக் கீழ தெரியக் கூடாதுங்க அங்கிள்" என்று மௌலி மேலேயிருந்து விளக்கம் கொடுத்தான். கிட்டப் போய் நின்று எடுத்தால் தெரியாதே என்று சொல்ல வாயெடுத்தேன். தெருவே குடிக்கிற தண்ணீரில் கோட்டை ஊறவைத்தவனிடம் என்னத்தைச் சொல்ல?

அடுத்தது பூவரசனின் ரெஸ்யூம். எதைச் சாதித்திருந்தாலும் எண்ணோடு எழுத வேண்டும் என்றார் அம்மணி. மூன்று நாள் எண்ணினார்கள். 'அரியர்: பதினொன்று. எழுதி முடித்தது: பதினொன்று. வெற்றி: நூறு சதவீதம்' என்று ஒரு வரி. 'பெற்றோர்: இரண்டு' என்று ஒரு வரி. எழுதி முடித்துப் பார்த்தால் ஒன்பது பக்கம்.

"ரெஸ்யூம் ஒரே பக்கம்தான் இருக்கணுமாமாடா" என்றான் ஹரிஹரசுதன்.

"அப்ப எழுத்தைச் சின்னதாக்கு" என்றான் நவநீதன்.

"எழுத்து சின்னதா இருந்தா படிக்க மாட்டாங்கன்னும் சொல்லியிருக்காங்க."

நாலு பேரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார்கள். எட்டுப் பக்கத்தைக் குறைக்கலாம் என்று ஒருத்தனுக்காவது தோன்ற வேண்டுமே! கடைசியில் மௌலி தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "எழுத்தைத் தொடக் கூடாது. விஷயத்தையும் குறைக்கக் கூடாது. அப்ப பக்கத்தைத்தான்டா பெருசாக்கணும்!"

பிளெக்ஸ் கடையில் பத்துக்கு ஆறு அடியில் ஒரே பக்கமாக அடித்து வாங்கினார்கள். கடைக்காரர் பழக்கதோஷத்தில் கீழே மூன்று நண்பர்களின் போட்டோவையும் வரிசையாகப் போட்டு, 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' என்று எழுதிவிட்டார். நவநீதன் கைகூப்பிக்கொண்டு இருந்தான். அதைச் சுருட்டி நாலு பேரும் தோளில் சுமந்து போகையில், "யாருக்குங்க தம்பி காது குத்து?" என்று தெருவில் ஒருவர் கேட்டார். "ரெஸ்யூமுங்க" என்று பூவரசன் பணிவாகச் சொன்னான்.

ஒரு வால்வு கம்பெனி ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்திருந்தது. அங்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மழைக் காலம், வாட்ச்மேன் கூண்டு ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கூரைமேல் விரித்துக் கட்டிக்கொண்டார்.

"பார்த்தியா, வாங்கினதும் தலைக்கு மேல வச்சுக்கிட்டாங்க!" என்று மாடியில் அன்றைக்குக் கேசரி கிண்டினார்கள்.

ஆடி பதினைந்தும் ஆயிற்று. கம்பெனியிலிருந்து பேச்சு மூச்சு இல்லை. பூவரசன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். கண்ணை மூடினால் பன்னிரண்டாயிரம் கோழியும் தன்னையே பார்க்கிறது என்று அழுதான். எனக்கே பாவமாகத்தான் இருந்தது. மௌலி திரும்பவும் அம்மணியைப் போட்டான். விளம்பரத்தில் இருக்கிற வார்த்தைகள் உங்கள் புரொஃபைலிலும் இருக்க வேண்டும், எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவு நல்லது என்றார் அம்மணி.

"எவ்வளவு வார்த்தையைப் போடலாம்?" என்றான் பூவரசன்.

"எல்லாத்தையும் போடுறா. கஞ்சத்தனம் எதுக்கு?" என்றான் மௌலி.

விளம்பரத்தை ஒரு வரி விடாமல் அப்படியே புரொஃபைலில் போட்டார்கள். 'வால்வு தயாரிப்புப் பிரிவுக்கு இன்ஜினியர் தேவை. மூன்று வருட அனுபவம் அவசியம். ஆடி பதினெட்டு அன்று விண்ணப்பத்தோடு நேரில் வரவும்.' அதன்கீழே பூவரசன் பெயர், எங்கள் வீட்டு விலாசம். மேலே கோட் போட்ட போட்டோ. கோட்டைப் பார்த்தவர்கள் மேனேஜர் என்றுதானே நினைப்பார்கள்?

ஆடிப் பதினெட்டு காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தேன். மாடிப்படியிலிருந்து தெருமுனை வரைக்கும் ஃபைலும் கையுமாக வரிசை. முப்பத்தேழு பேர்!

மாடியில் ஆலோசனை நடந்தது. ஜன்னல் வழியே எனக்கு எல்லாம் கேட்டது.

"வேலை வாசலைத் தேடி வரும்னாங்களே, வந்திருச்சுடா!"

"இதுல வேலை எதுடா? எல்லாம் ஆளாத்தானே இருக்கு?"

"ஆள் வந்தா இன்டர்வியூ நடக்கும். இன்டர்வியூ நடந்தா வேலை இருக்கும். உட்காருங்கடா" என்றான் மௌலி. மூன்று நாற்காலி போட்டு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். பூவரசன் நாலாவது நாற்காலி தேடவில்லை. அவனுக்குத்தானே வேலை வேண்டும்? தலையைப் படியச் சீவி, இறங்கி வந்து, முப்பத்தெட்டாவது ஆளாக வரிசையில் நின்றுகொண்டான்.

விவரமான பிள்ளைகள் மாடியைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்கள். மற்றவர்கள் அனுபவம் இல்லை என்று கழிக்கப்பட்டார்கள். பூவரசன் முறை வந்தது.

"எங்க தங்கியிருக்கீங்க?" என்றான் மௌலி.

"இங்கதானுங்க சார். அந்தப் பாயில."

"எத்தனை வருஷ அனுபவம்?"

"இல்லீங்க சார்."

மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். "நம்ம பூவரசன்டா" என்றான் நவநீதன். "சிநேகம் வேற, நிர்வாகம் வேற" என்றான் மௌலி. "நீங்க போலாம். சொல்லி அனுப்பறோம்."

பூவரசன் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்து என் வாசற்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான்.

அந்த நேரம் பார்த்து, மகனைக் கூட்டிப்போகச் சென்னியப்பன் வந்து சேர்ந்தார். வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு தட்டு முட்டை. படியில் ஏறப் போனவரை, "டோக்கன் நம்பர் முப்பத்தொன்பது!" என்று ஹரிஹரசுதன் மேலேயிருந்து கூப்பிட்டான். கூப்பிட்டால் போக வேண்டியதுதானே என்று மனிதர் போய் உட்கார்ந்தார். ஆலமரத்தில் ஆலம்பழம்தானே பழுக்கும்!

"இவரு பூவரசன் அப்பா மாதிரியே இருக்காருடா" என்றான் நவநீதன்.

"இன்டர்வியூல சொந்தம் பார்க்காதே" என்று மௌலி அதட்டிவிட்டு, அவர் பக்கம் திரும்பினான். "எத்தனை வருஷ அனுபவமுங்க?"

"முப்பத்தொண்ணுங்க."

மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "உங்களுக்குக் கீழ எத்தனை பேரு இருந்தாங்க?"

"இருக்குமுங்க, ஒரு பன்னெண்டாயிரம்."

"அத்தனையையும் ஒரே ஆளா சமாளிச்சீங்களா?"

"தீனி வச்சா பேசாம இருக்கும். முட்டையிடலீன்னா வித்துப்போடுவேன்."

"நிர்வாகம்னா இதான்டா!" என்று மௌலி எழுந்து கை கொடுத்தான். அரியர் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து ஆர்டர் எழுதி, ஈரம் காயாத அந்தக் கோட்டையும் போட்டுவிட்டார்கள். "எப்பங்க சேரோணும்?" என்று கேட்டார் சென்னியப்பன். "கம்பெனி எங்கன்னு தெரிஞ்சதும் சொல்றோமுங்க" என்றான் மௌலி. நியாயம்தான் என்று அவரும் தலையாட்டினார்.

கோட்டோடு கீழே வந்தவர் மகனிடம் பண்ணைச் சாவியை நீட்டினார். "கண்ணு, ஆர்டரைக் கண்ணுல காட்டச் சொன்னேன், வந்திருச்சு. எனக்கு இனி இங்கதான் சோலி. கோழிக்கு யாராச்சும் தீனி வைக்கோணுமல்லோ? அஞ்சு மணி பஸ்ஸைப் புடி."

பூவரசன் சாவியை வாங்கிக்கொண்டான். பெட்டியைக் கட்டினான். எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். "விடு கண்ணு, இவனுங்களோட சேர்ந்ததே உன் தலையெழுத்து" என்று ஆறுதல் சொன்னேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். முகமெல்லாம் அப்படி ஒரு பூரிப்பு.

"என்னங்க அங்கிள் இப்படிச் சொல்றீங்க? எங்க வம்சத்துலயே வேலைக்குப் போற மொத இன்ஜினியர் எங்கப்பாதானுங்க!"