வெட்டி வைத்த தோடி

"நான் பாடுபட்டு ரேடியோவுல பிடிச்ச கச்சேரியைக் கண்டவனும் தன்னோடதுன்னு சொல்லி ஊருக்கெல்லாம் குடுக்கான், டீச்சர். இதுக்கு என்னதான் வழி?"

கேட்டவர் பிச்சாண்டி, ஓய்வுபெற்ற தாசில்தார். டீச்சர் தமயந்தி, கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர், அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனால் பழைய வானொலிக் கச்சேரிகளைச் சேர்க்கிற கூட்டத்தில் டீச்சர் சொன்னால் சொன்னதுதான். தலை நரைத்த ஆண்களெல்லாம் அவர் வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பவ்யமாக உட்காருவார்கள்.

"எது உங்களுது?" என்றார் டீச்சர்.

கல்லூரணி முத்தையா நாகஸ்வரத்தில் வாசித்த தோடி ராகம் என்றார் பிச்சாண்டி. நேரடி ஒலிபரப்பு. நிலையத்தில்கூட அந்த நாடாவை அழித்துவிட்டார்கள். அன்று டேப்ரிக்கார்டரை ரேடியோ முன்னால் வைத்துப் பிடித்த ஒரே ஆள் இவர்தான்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் ஒன்றும் ஏமாளி இல்லையாம். வெளியே கொடுத்த பிரதிகளில் எல்லாம் ஆலாபனையின் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் கொடுத்தாராம். நாகஸ்வரம் உச்சியில் நிற்கும்போது ஒரே வெட்டு. அங்கிருந்து முத்தையா இறங்கி வருவதுதான் அந்தத் தோடியின் உயிர். அது இவரிடம் மட்டும் இருக்கிறது.

இதைச் சொன்னபோது தாசில்தார் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

"ஏன் வெட்டுனீங்க?"

"முழுசும் குடுத்துட்டா நம்மகிட்ட என்ன இருக்கும், டீச்சர்?"

டீச்சர், சனிக்கிழமை அம்மன் கோவிலில் முத்தையாவின் பேரன் இசக்கியப்பன் வாசிப்பதாகவும், கூட வரும்படியும் சொன்னார்.

போனார்கள்.

இசக்கியப்பன் தோடியை எடுத்தான். நல்ல காற்று, நல்ல விரல். மேலே மேலே போனான். பிச்சாண்டி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

உச்சிக்குப் போன நாகஸ்வரம் சட்டென்று நின்றது.

கூட்டம் ஆகா என்றது. தவில்காரர் சிரித்துக்கொண்டே ஒரு தட்டு தட்டினார்.

பிச்சாண்டி கண்ணைத் திறந்தார். அவன் நிறுத்தியது இவர் வெட்டிய இடம். அதே இடம்.

"இது முத்தையா வீட்டு முடிப்பு. தாத்தா நின்ன இடத்துலேயே பேரனும் நிக்கான் பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவர் இவருக்கு விளக்கம் வேறு சொன்னார்.

பிச்சாண்டி கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினார். போனில் இருந்த முழுப் பதிவையும் இசக்கியப்பன் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார்.

முத்தையா இறந்து பல வருடம் கழித்துப் பிறந்தவன் இசக்கியப்பன். அவரை நேரில் கேட்டவர் யாரும் அந்த வீட்டில் இன்று இல்லை. இந்தத் தோடியை அவன் கற்றது ஊரில் சுற்றும் பிரதியைக் கேட்டுத்தான். அவன் மரியாதையாக, கடைசிவரை கேட்டான். பிறகு போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

"நல்லாத்தான்யா இருக்கு. ஆனா கடைசியில வர்றது தாத்தா இல்லை. யாரோ வாசிச்சு ஒட்டியிருக்காவ. இப்பதான் கம்ப்யூட்டர்ல எதையும் செய்யுதாங்களே."

"ஒட்டலைப்பா. நான்தான் வெட்டினேன். இது உங்க தாத்தாதான்."

இசக்கியப்பன் சங்கடத்தோடு சிரித்தான். பெரியவரைப் பொய்யர் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. தாத்தாவை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. டீச்சர் பக்கம் திரும்பினான்.

"டீச்சர், நீங்க சொன்னா நான் கேட்டுக்கிடுதேன். கீழ இறங்கி வர்ற இந்த முடிப்பை நீங்க எப்பவாவது கேட்டிருக்கீங்களா?"

பிச்சாண்டி கையெடுத்துக் கும்பிடாத குறையாக டீச்சரைப் பார்த்தார்.

"இல்லப்பா. எங்கிட்ட இருக்கதும் சார் குடுத்த பிரதிதான்" என்றார் டீச்சர்.